பழைய தாளத்தில் பிந்தி வந்த குரல்கள்

ஷரன் ஜோன்ஸின் முதல் ஆல்பம் 2002இல் வெளிவந்தபோது அவர் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் பிறந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். சர்ச்சில் பாடினார், கல்யாண வீடுகளில் பாடினார். வயிற்றுப்பாட்டுக்கு ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகவும், பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டியில் துப்பாக்கிக் காவலாகவும் வேலை பார்த்தார். நிறம், உயரம், உடல்வாகு, வயது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இசைத்தட்டுத் தொழில் அவரை வாசலோடு திருப்பி அனுப்பியது. அப்படியொரு குரல் அத்தனை காலம் கேட்பாரற்றுக் கிடந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ரிதம் அண்ட் புளூஸின் பொற்காலத்தைப் பார்த்து இந்த நூற்றாண்டில் செய்யப்பட்ட சோல் ஆல்பங்களை மதிப்பிட உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

அந்தப் பொற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கறுப்பின மக்களின் இசைக்கு ‘இனத் தட்டுகள்’ என்றிருந்த பட்டியல் தலைப்பை நீக்கி, ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயரை பில்போர்டு இதழ் 1949இல் கொண்டுவந்தது. ரே சார்ல்ஸ் 1954இல் சர்ச்சுப் பாட்டின் மெட்டையும் ஆவேசத்தையும் காதல் பாட்டுக்குள் கொண்டுவந்தார். பெரி கோர்டி 1959இல் டெட்ராய்ட்டில் மோட்டவுனைத் தொடங்கினார். ஒரு சாதாரண வீடுதான் அலுவலகம், அதிலேயே ஒலிப்பதிவுக்கூடம். மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்கு ஒரு பழைய சினிமா தியேட்டர் கிடைத்தது. இருக்கைகளைப் பிடுங்கியபின் மிஞ்சிய சரிவான தரையிலேயே ஓடிஸ் ரெடிங் பாடினார். 1975இல் ஸ்டாக்ஸ் திவாலாயிற்று, 1989இல் அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.

இந்த இரண்டு இடங்களிலும் வேலை நடந்த விதம் ஒன்றுதான். டிரம்ஸ், பேஸ், கிட்டார், பியானோ எல்லாரும் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தார்கள். ஒருவர் சறுக்கினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மோட்டவுனின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையில் ஒற்றை விரலால் தந்தியை மீட்டி அந்த ஓட்டமான பேஸ் வரிகளை எல்லாம் வாசித்தார். அவரும் கூட்டாளிகளும் ‘ஃபங்க் பிரதர்ஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். ஆனால் 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வரும்வரை ஆல்பத்தின் உறையில் அவர்கள் பெயர் அச்சாகவில்லை.

கணினி வந்தபின் ஒவ்வொருவரும் தனித்தனியே, காதில் விழும் டிக்டிக் ஒலியோடு வாசித்துவிட்டுப் போகலாம். பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். அதனால் இசை கெட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். டி’ஏஞ்சலோவின் ‘வூடூ’ 2000இல் வந்தது; தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்தங்கி நடக்கும் அந்த டிரம்ஸை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் பழைய ஒலியைத் தேடிப் போனவர்களில் பலர் கோட்டு, டை, கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஆகியவற்றோடு நின்றுவிட்டார்கள். நிலைத்தவர்கள் அந்த அறையை மீண்டும் கட்டியவர்கள்தான்.

உண்மையாகவே ஓர் அறையைக் கட்டினார்கள். கேப்ரியல் ராத்தும் நீல் சுகர்மனும் தொடங்கிய டாப்டோன் நிறுவனம் புரூக்ளினின் புஷ்விக் பகுதியில் ஒரு பழைய வீட்டை எடுத்தது. கலைஞர்களே கைகொடுத்து அதை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றினார்கள். பதிவு, காந்த நாடாவில். தடங்கள் எட்டே எட்டு. இந்த எண்ணிக்கை முக்கியமானது. எட்டுத் தடங்களுக்குள் ஒரு முழு இசைக்குழுவை அடக்க வேண்டுமென்றால் டிரம்ஸுக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்க வேண்டியிருக்கும். யார் சத்தம் மிகுகிறதோ அவர் ஓரடி பின்னால் போக வேண்டும். பின்னால் செய்ய வேண்டிய கலவை வேலையில் பாதி, நிற்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. முடிவை முன்கூட்டியே எடுக்க வைக்கும் இந்த நெருக்கடிதான் டாப்டோன் ஒலியின் உயிர் என்று நம்புகிறேன்.

ராத்துக்கு ஷரன் ஜோன்ஸ் கிடைத்தது 1990களின் நடுவில், லீ ஃபீல்ட்ஸ் பாடிய ஒரு பதிவில். பின்பாட்டுக்கு மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள். வந்த ஷரன் மூன்று குரலையும் தானே பாடிக் கொடுத்தார். டாப்டோனின் வாசிப்புக் குழுவான டாப்-கிங்ஸோடு அவர் செய்தவற்றில் 2007இல் வந்த ‘100 டேஸ், 100 நைட்ஸ்’ தான் உச்சம். அதன் தலைப்புப் பாடலைக் கேளுங்கள். ஊதுகருவிகள் கட்டியம் கூறிவிட்டு ஒதுங்க, பாட்டு நடுத்தர வேகத்தில் போகிறது. பாதியில் அவர் குழுவையே நிறுத்தி, சற்று நிதானிக்கச் சொல்கிறார். தாளம் அப்படியே கனத்து இறங்குகிறது. ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் இப்படி இறங்க முடியாது. கேட்பவருக்கும் அந்த இடத்தில் மூச்சு ஒரு கணம் தங்கும்.

இதே டாப்-கிங்ஸ்தான் ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ (2006) ஆல்பத்தில் மார்க் ரான்சன் தயாரித்த பாடல்களுக்கு வாசித்தார்கள். அந்த ஆல்பம் வைன்ஹவுஸுக்கு ஐந்து கிராமி விருதுகளையும் உலகப் புகழையும் பெற்றுத் தந்தது. தன் அவமானத்தையும் ஆசையையும் மறைக்காமல் எழுதிய அந்த லண்டன் பெண்ணின் வரிகள் பழைய தாளத்துக்குப் புது நாக்கைத் தந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே குழுவோடு பல வருடங்களாக ஊர் ஊராகப் பாடிவந்த ஷரனுக்கு அதில் ஒரு துளி வெளிச்சம்தான் கிடைத்தது. கறுப்பினத்தவர் உருவாக்கிய இசை வெள்ளைக் குரலில் வரும்போதுதான் பெரிய கடைகளின் கதவு திறக்கிறது என்ற பழைய கணக்கு இங்கும் மாறவில்லை. இதில் வைன்ஹவுஸின் குற்றம் எதுவுமில்லை.

டாப்டோனின் இன்னொரு பாடகரான சார்ல்ஸ் பிராட்லியின் கதை இன்னும் தாமதமானது. 1962இல், சிறுவனாக, அப்போலோ அரங்கில் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்தார். பதின்வயதில் வீட்டை விட்டு வெளியேறி, சுரங்க ரயில்களில் தூங்கினார். சமையல் வேலை பார்த்தார். பின்னர் ‘பிளாக் வெல்வெட்’ என்ற பெயரில் ஜேம்ஸ் பிரவுன் வேடமிட்டுச் சிறு கிளப்புகளில் ஆடிப் பாடினார். சொந்தப் பெயரில் முதல் ஆல்பம், ‘நோ டைம் ஃபார் டிரீமிங்’, 2011இல் வந்தது. அப்போது வயது 62. தயாரித்தவர் தாமஸ் பிரெனெக், வாசித்தது மெனஹன் ஸ்டிரீட் பேண்ட். கடைசிப் பாடல் கொலையுண்ட தன் அண்ணனைப் பற்றியது. அதில் அவர் தொண்டையிலிருந்து எழும் ஓலத்துக்குப் பயிற்சி எங்கும் கிடையாது. பாவனைக் கலைஞராக இருந்தவரை அவருடைய சொந்த வாழ்க்கையைப் பாட வைத்ததுதான் இந்த இயக்கத்தின் ஆகப்பெரிய சாதனை என்பேன்.

கைத்திறன் என்று பார்த்தால் ரஃபேல் சாதிக்கின் ‘த வே ஐ சீ இட்’ (2008) முதலிடத்தில் நிற்கும். மோட்டவுனை அவ்வளவு நுட்பமாகப் படித்தவர் வேறில்லை. இரண்டாவது, நான்காவது அடிகளில் விழும் டம்பரின் ஓசையைப் போலி செய்யாமல், ஃபங்க் பிரதர்ஸில் அதை வாசித்த ஜாக் ஆஷ்ஃபோர்டையே அழைத்து வாசிக்கவைத்தார். ஒரு காலத்தில் உறையில் பெயர்கூட இல்லாத கை அது.

டெக்சாஸின் லியன் பிரிட்ஜஸ் ‘கமிங் ஹோம்’ (2015) மூலம் பழைய சோல் பாடகர் சாம் குக்கின் சாயலில் அறிமுகமானார். அழகான ஆல்பம்தான், ஆனால் பாடகரைவிட உடையலங்காரம் அதிகம் தெரிகிறது. அடுத்தடுத்த ஆல்பங்களில் அவரே அந்தச் சாயலைக் கழற்றிவிட்டது நல்ல முடிவு.

ஷரன் 2016 நவம்பரிலும், பிராட்லி 2017 செப்டம்பரிலும் புற்றுநோயால் இறந்தார்கள். டாப்டோன் அதோடு முடியுமோ என்று பயந்தவர்களில் நானும் ஒருவன். ராத் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்து பென்ரோஸ் என்ற கிளை நிறுவனத்தை 2020இல் தொடங்கினார். அந்த வட்டாரத்து மெக்சிக அமெரிக்கக் குடும்பங்கள் அறுபதுகளின் மெதுவான சோல் பாட்டுகளை விட்டதே இல்லை. தாழ்த்திக் கட்டிய லோரைடர் கார்களில் அவை ஓடிக்கொண்டே இருந்தன. 2022இல் 97 வயதில் மறைந்த ஆர்ட் லபோவின் வானொலி நிகழ்ச்சியில் சிறையிலிருக்கும் கணவனுக்கும் மகனுக்கும் வீட்டார் பாட்டுக் கேட்டு அழைத்தார்கள். சான் டியாகோவின் ‘தீ சேக்ரட் சோல்ஸ்’ அந்தக் கேட்பறையில் வளர்ந்த குழு. அவர்களுடைய முதல் ஆல்பமும் 2022இல்தான் வந்தது. குழுவின் பாடகர் ஜாஷ் லேன் உரக்கக் கத்துவதேயில்லை. டிரம்ஸ் சன்னமாக நடக்க, அவர் மெல்லிய உச்சக் குரலில் கெஞ்சுகிறார். டாப்டோனின் புரூக்ளின் கச்சேரிகளில் கறுப்பின முகங்கள் குறைவு என்ற குறை நெடுநாளாக இருந்தது, அது நியாயமான குறையும்கூட. ரிவர்சைடில் இந்த இசைக்கு அதைத் தாத்தா பாட்டி காலம் தொட்டுக் கேட்டு வரும் ஒரு சமூகமே கேட்பாளராக இருக்கிறது. அடுத்த நல்ல ஆல்பங்களை அந்தத் திசையில்தான் நான் எதிர்பார்க்கிறேன்.