வாட்டம் இல்லாத குழாய்

திண்டுக்கல் பக்கத்து ஒரு பொறியியல் கல்லூரியின் கண்காட்சியில் அண்மையில் முதல் பரிசு வாங்கியது ஒரு பழைய ஹேட்ச்பேக் கார். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் முன்னால் இருக்கிறது. எஞ்சின் புகையின் விசையால் சுற்றிக் காற்றை அமுக்கித் தரும் டர்போவை மட்டும் பின்னால் கொண்டுபோய், சைலன்சர் இருந்த இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அங்கே அமுக்கப்படும் காற்று காரின் அடிவயிற்றை ஒட்டி ஒரு நீண்ட அலுமினியக் குழாயில் ஓடி எஞ்சினுக்குத் திரும்ப வருகிறது. வெல்டிங் வேலை அவ்வளவு சுத்தம். அந்த மாணவர்களின் உழைப்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பரிசு கொடுத்தவர் மேடையில் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: பெரிய கம்பெனிகளுக்குத் தோன்றாதது இந்தப் பையன்களுக்குத் தோன்றியிருக்கிறது என்றார்.

மற்றவர்களுக்கும் தோன்றியதுதான். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஸ்கொயர்ஸ் டர்போ சிஸ்டம்ஸ் 2000களின் தொடக்கத்திலிருந்தே கமாரோ, கார்வெட் போன்ற வி8 கார்களுக்கு இப்படிப் பின்னால் பொருத்தும் டர்போ தொகுப்புகளை விற்றிருக்கிறது. அதில் உண்மையான நன்மைகள் உண்டு. பானட்டுக்குள் இடம் தேட வேண்டாம். புகையைத் திரட்டி வெளியேற்றும் மேனிஃபோல்டை அறுத்துப் புதிதாகக் கட்ட வேண்டாம். அனல் எஞ்சினை விட்டு விலகிப் போகிறது. பக்கத்து ஹோஸ்களும் வயர்களும் வேகாமல் பிழைக்கின்றன. அமுக்கிய காற்று திரும்பி வரும் வழியிலேயே ஓரளவு ஆறிவிடுவதால் இன்டர்கூலரின் வேலையில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைக்கிறது. எடையும் கொஞ்சம் பின்னால் நகர்கிறது. இத்தனையையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் இரண்டு எடுத்துக்காட்டுகளை ஒப்புக்கொள்ள முடியாது. ஒன்று, 1975இல் வந்த போர்ஷே 911 டர்போ. அதிலும் டர்போ பின்னால்தானே என்கிறார்கள். அந்தக் காரில் எஞ்சினே பின்னால் இருக்கிறது. டர்போ அதை ஒட்டியே இருக்கிறது. இன்னொன்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்து தண்டர்போல்ட் விமானம். அதன் டர்போ விமானியின் முதுகுக்குப் பின்னால், உடற்பகுதிக்குள் இருந்தது உண்மைதான். ஆனால் முப்பதாயிரம் அடி உயரத்து மெல்லிய காற்றில், விசையை ஒரே நிலையில் வைத்து மணிக்கணக்கில் பறக்கும் எஞ்சினுக்கு அது பொருந்தியது. வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலையேறும் காருக்குப் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கால் எடுக்கிறது, மறுபடி மிதிக்கிறது. மிதித்த கணத்தில் இழுவை வேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் மலைப்பாதையில் டர்போ அவசியம் என்று சொல்லுங்கள், சரி. அது பின்னால் இருக்க வேண்டும் என்பதற்கு மலை சாட்சி சொல்லாது.

இழுவை தாமதமாகிறது என்பதுதான் பின்பக்க டர்போ மீது எல்லோரும் வைக்கும் குற்றச்சாட்டு. நியாயமாகப் பார்த்தால் அதில் பாதிதான் உண்மை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டரை அங்குலக் குழாய் மூன்று மீட்டர் நீளம் என்றால் அதன் கொள்ளளவு ஒன்பதரை லிட்டர் அளவில் வரும். அதற்குள் காற்றை வெளிக்காற்றைவிட அரைப்பங்கு கூடுதலாக அமுக்க, கிட்டத்தட்ட நாலேமுக்கால் லிட்டர் காற்று கூடுதலாகத் தேவை. 5.7 லிட்டர் வி8 எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் விநாடிக்குத் தொண்ணூறு லிட்டருக்கு மேல் உறிஞ்சும். அதற்கு இது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. நம் 1.2 லிட்டர் எஞ்சின் அதே வேகத்தில் உறிஞ்சுவது இருபது லிட்டர்தான். அதன் கால் விநாடி மூச்சு முழுவதையும் குழாயே விழுங்கிவிடும். வி8 காரர்கள் இதை ஒரு குறையாகவே நினைக்காததற்குக் காரணம் இதுதான். அவர்களைப் பார்த்துச் சின்ன எஞ்சினில் செய்வோருக்கு இது பெரிய குறை. போதாததற்கு, டர்போவின் டர்பைனைச் சுழற்ற வேண்டிய புகையின் அனல் மூன்று மீட்டர் வருவதற்குள் ஆறிவிடுகிறது. அனல் போனால் விசை போயிற்று. குழாயைச் சுற்றித் துணி கட்டலாம், டர்பைன் கூட்டைச் சின்னதாக்கலாம். முழுதாக ஈடுகட்ட முடியாது.

கம்பெனிகள் இதற்கு நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கின்றன. மறைமலைநகரிலிருந்து 2013இல் வந்த ஃபோர்டு எகோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் எகோபூஸ்ட் எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டே சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்து வார்க்கப்பட்டது. டர்போ நேராக அந்த ஹெட்டில் உட்காருகிறது. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோடிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து 2018இல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபியும் 1.2 லிட்டர்தான், 114 குதிரைசக்தி, டர்போ பானட்டுக்குள். பந்தயத்திலேயே வளர்ந்த கோயம்புத்தூர்க்காரர்கள் அவர்கள். பிஎம்டபிள்யூ 2008இல் தன் வி8 எஞ்சினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலேயே டர்போக்களை வைத்தது. அந்த எஞ்சின் அனலால் பட்ட பாடு ஊரறிந்தது. அப்படியும் யாரும் டர்போவைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோகவில்லை. தோன்றாததால் அல்ல.

என் பழைய ஆட்சேபம் வேறு. அது எண்ணெய்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது முடியளவு மெல்லிய எண்ணெய்ப் படலம். எஞ்சின் பம்ப் அந்த எண்ணெயை அழுத்தத்தோடு உள்ளே அனுப்புகிறது. உள்ளே போவதில் பிரச்சினை இல்லை. வெளியே வருவதுதான் விஷயம். பேரிங்கைத் தாண்டிய எண்ணெய்க்கு அழுத்தம் கிடையாது. கடைந்த மோர் போல நுரைத்து, தன் எடையால் மட்டும் கீழே விழ வேண்டும். அதனால்தான் வடிகால் துளை நேர்க்கீழாக இருக்க வேண்டும், இரு பக்கமும் 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது, ரிட்டர்ன் குழாய் அகலமாக, தொய்வில்லாமல், எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்கு இறங்க வேண்டும் என்று டர்போ செய்பவர்கள் வற்புறுத்துகிறார்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. டர்போவின் இரு முனைகளிலும் இருப்பவை தண்ணீர்க் குழாயில் போடும் வாஷர் போன்ற சீல்கள் அல்ல. பிஸ்டன் ரிங் மாதிரியான மெல்லிய வளையங்கள். வெளியிலிருக்கும் வாயுவின் அழுத்தத்தை நம்பித்தான் அவை எண்ணெயை உள்ளே நிறுத்துகின்றன. வடிகால் அடைத்து எண்ணெய் உள்ளே தேங்கினால் அவற்றால் தடுக்க முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பைபாஸ் ஓரத்து லாரிப் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு லாரி நீலப்புகை தள்ளிக்கொண்டு வந்தது. டர்போ போய்விட்டது என்று புதிது மாட்டினோம். இரண்டு நாளில் அதே புகை. மறுபடி கழற்றினோம். டர்போவில் ஒரு கீறல் இல்லை. ரிட்டர்ன் குழாயின் கேஸ்கட்டில் யாரோ அதிகமாகப் பூசிய பேஸ்ட் உள்ளே பிதுங்கி, துளையைப் பாதியாக அடைத்திருந்தது. கட்டைவிரல் தடிமன் உள்ள வழி சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கினதற்கே அவ்வளவு புகை. அன்று முதல் எந்த டர்போவைப் பார்த்தாலும் என் கண் முதலில் ரிட்டர்ன் குழாய்க்குத்தான் போகும்.

மொட்டைமாடிக்குத் தளம் போடும் கொத்தனாரிடம் கேளுங்கள், முதலில் வாட்டத்தைப் பற்றித்தான் பேசுவார். வாட்டம் சரியாக இருந்தால் மழைத்தண்ணீர் யாரையும் கேட்காமல் வடியும். இல்லாவிட்டால் மாடியில் நிற்கும், பிறகு சுவருக்குள் இறங்கும். பின்பக்க டர்போவில் எண்ணெய்க்கு வாட்டமே இல்லை. சைலன்சர் இருந்த உயரம் எஞ்சின் சம்ப்பின் எண்ணெய் மட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், அல்லது அதைவிடத் தாழ்வு. விழுந்து வடிய வேண்டிய எண்ணெய் அங்கிருந்து மூன்று மீட்டர் முன்னால் போய், மேலும் ஏற வேண்டும். ஏற்றிவிட ஒரு தனி பம்ப், பெரும்பாலும் மின்சார பம்ப், வைக்கிறார்கள்.

பம்ப் என்றால் என்ன என்று இந்த மாவட்டத்து விவசாயிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சப்மெர்சிபிள் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஆழக்கிணறுகளில் தண்ணீர் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரையும் கீழே இறக்கினார்கள். மேலே இருந்து உறிஞ்ச முடியாத தண்ணீருக்கு மோட்டாரே பக்கத்தில் போக வேண்டியிருந்தது. மோட்டார் நின்றால் தண்ணீர் நிற்கும். ஃபுட் வால்வில் ஒரு குச்சி சிக்கினாலும் தண்ணீர் நிற்கும். கிணற்றில் அதனால் போவது ஒரு நாள் பாசனம். காரில் போவது எஞ்சின்.

பம்ப் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வயர் கழன்றிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், சூட்டில் நுரைத்த எண்ணெயை ஏற்ற முடியாமல் பம்ப் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் தொடர்ந்து எண்ணெயை அனுப்பிக்கொண்டே இருக்கும். டர்போவின் நடுக்கூடு நிறையும். வளையங்களைத் தாண்டி எண்ணெய் ஒரு பக்கம் சூடான டர்பைனுக்குள் போய்ப் புகையாகும். மறுபக்கம் காற்றுக் குழாய்க்குள் போய் எஞ்சினுக்கே தீனியாகும். சம்ப்பில் இருப்பதே மூன்றரை, நாலு லிட்டர். மீட்டர் பலகையில் எண்ணெய் விளக்கு எரியும்போது சம்ப்பில் உறிஞ்ச எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த விளக்கு பார்ப்பது எஞ்சினின் அழுத்தத்தை. பின்னால் பம்ப் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது.

எஞ்சினை நிறுத்திய பிறகும் விடுவதில்லை. முன்னாலிருந்து வரும் மூன்று மீட்டர்க் குழாயில் நிற்கும் எண்ணெய், பம்ப்பும் நின்ற நிலையில், டர்போவுக்குள் கசியும். அதைத் தடுக்க ஒரு வால்வு. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது குழாய் காலியாக இருந்தால் அது நிரம்பும்வரை தண்டு வெறும் பேரிங்கில் சுற்றும். அதைத் தடுக்கவும் அந்த வால்வையே நம்ப வேண்டும். கூடவே ஒரு வடிகட்டி, ஒரு ரிலே, ஒரு விளக்கு. எஞ்சினுக்குப் பக்கத்தில் புவியீர்ப்பு சும்மா செய்துகொடுத்த வேலைக்குப் பின்னால் ஐந்து பொருள்கள். அத்தனையும் சக்கரம் வாரியிறைக்கும் புழுதியிலும் கல்லிலும். நம் தெருக்களின் வேகத்தடைகளில் சாதாரணச் சைலன்சரே உரசுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ரயில்வே சுரங்கப்பாதையில் நிற்கும் தண்ணீருக்குள் இறங்கினால் அங்கே முழுகப்போவது சைலன்சர் அல்ல, டர்போ.

பின்னால் வைத்த டர்போ குளிர்ந்திருப்பதால் எண்ணெய் கருகுவதில்லை என்பார்கள். அது சரி. கருகாத எண்ணெயும் வடிந்தாக வேண்டும். எண்ணெய்க் குழாயே தேவையில்லாத, கிரீஸ் அடைத்த பேரிங் வைத்த டர்போக்களும் உண்டு. அவை என் ஆட்சேபத்தின் பெரும்பகுதிக்குப் பதில் சொல்கின்றன. ஆனால் பரிசு வாங்கிய காரில் இருப்பது பழைய டீசல் வண்டியிலிருந்து எடுத்த சாதாரண டர்போ. மற்ற பையன்களும் அதைத்தான் தேடிப்போவார்கள், அதுதான் மலிவு. பந்தயத் தடத்தில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு அடியில் படுத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு செல்லும் என்றுகூட ஒப்புக்கொள்வேன். சாலைக்கு இது ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதையும் விட்டுவிட்டுச் சொல்கிறேன். சட்டம் அனுமதித்தாலும் ஆகாது.

கண்காட்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அந்தக் காரின் அடியில் படுத்துப் பார்த்தேன். ரிட்டர்ன் குழாய் டர்போவிலிருந்து கிளம்பி, பின் அச்சைத் தாண்டும் இடத்தில் ஒரு முறை தொய்ந்து, பிறகு முன்னால் போய் ஏறுகிறது. பம்ப் எங்கே என்று கேட்டேன். காட்டினார்கள், ஸ்டெப்னி வைக்கும் குழிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தது. அது நின்றால் ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களில் ஒருவர் சொன்னார்: "கண்ணாடியில் பார்த்தால் பின்னால் புகை வரும், சார்."