ஜெயிச்ச கட்டுரையும் தோத்த கட்டுரையும்

1998-ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரையை முதல்ல படிச்சப்போ எனக்கும் புல்லரிச்சது. மனச்சோர்வு மருந்துன்னாலே செரடோனின், நார்அட்ரினலின் என்று இருந்த காலம். மெர்க் நிறுவனத்தின் எம்கே-869 வேறு வழியில் போனது. 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருள் மூளையில் வந்து ஒட்டும் என்கே1 ஏற்பியை அது அடைத்தது. தாயிடமிருந்து பிரித்த கினிப்பன்றிக் குட்டிகளின் கதறல் குறைந்தது. 200-க்குச் சற்று மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த சோதனையில், போலி மாத்திரையை விட நன்றாக வேலை செய்தது. பராக்ஸிடினுக்கு இணையாக நின்றது.

இப்போ திரும்பப் படிச்சா ரெண்டு இடம் உறுத்துது. குட்டிகளின் கதறலைப் பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகளும் குறைக்கும். அதை மட்டும் வைத்து மனச்சோர்வைப் பேச முடியாது. அடுத்தது, மனிதர்களிடம் நடந்தது ஒரே ஒரு சோதனை. ஆனா தலைப்பு, புதிய செயல்முறை கிடைத்துவிட்டது என்றே பேசுகிறது.

1999 ஜனவரியிலேயே அடி விழுந்தது. அடுத்த சோதனையில் போலி மாத்திரை எடுத்தவர்களும் நன்றாகத் தேறினார்கள், வித்தியாசம் தெரியல. 'சோதனைதான் சரியில்லை, மருந்து இல்லை' என்று சமாதானம் சொல்ல அப்போது இடமிருந்தது. பிறகு வந்த ஐந்து மூன்றாம் கட்டச் சோதனைகளிலும் மருந்து எடுபடவில்லை. 2003-ல் மெர்க் கைவிட்டது.

அந்த ஐந்தின் முடிவுகள் கட்டுரையாக வந்தது 2006-ல். என் பார்வையில் இதுதான் உசத்தியான கட்டுரை. ஒப்பிட வைத்திருந்த பராக்ஸிடின் போலி மாத்திரையை முந்தியது; அதனால சோதனையைக் குறை சொல்ல முடியாது. ஸ்கேன் ஆய்வின்படி அந்த அளவு மருந்து ஏற்பிகளைக் கிட்டத்தட்ட முழுசா அடைத்திருந்தது. அதனால அளவு பத்தலைன்னும் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: ஊகமே தப்பு.

ஆனா வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே எட்டு வருஷம். அதற்குள் வேறு நிறுவனங்களும் இதே ஏற்பியைத் துரத்தின. நிஜமான மனச்சோர்வோடு வந்தவர்கள் பல வாரம் அந்த மாத்திரையை நம்பி விழுங்கினார்கள். அவர்கள் கொடுத்த பதில் வெளியே வர இவ்வளவு தாமதம் ஆனதுதான் என் பெரிய குறை.

மருந்து வீணாகவில்லை. அப்ரெபிடன்ட் என்ற பெயரில், கீமோதெரபி வாந்தியைத் தடுக்க 2003-லேயே அனுமதி வாங்கிவிட்டது. மனச்சோர்வுக்கு மட்டும் வரவே இல்லை.

'புது வகை மனச்சோர்வு மருந்து' என்று செய்தி வந்தா நான் இப்போ பார்ப்பது மூன்று: எத்தனை சோதனை? போலி மாத்திரைக்காரர்கள் எவ்வளவு தேறினார்கள்? பழைய மருந்து ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா?