நிறுவலும் வசனமும்: பல்கலைக்கழகக் கணித வகுப்புப் பற்றி ஒரு நோக்கு

பரந்தன் சந்தியிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கே சென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தை அடையலாம். தெற்கே சென்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உள்ளது. அதற்கும் அப்பால் வவுனியாப் பல்கலைக்கழகம்; 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 இல் தனித்து நின்றது. கணிதம் பயில விரும்பும் வன்னி மாணவர் இவற்றுள் எதனை அடைந்தாலும் முதலாண்டிலேயே ஒரு மதிலில் மோதுகின்றனர். அம்மதிலுக்கு ஆங்கிலம் என்று பெயரிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அப்பெயர் பாதி உண்மையே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

உயர்தரத்தில் 'இணைந்த கணிதம்' பயின்ற மாணவன் வகையீடு, தொகையீடு, காவி, தாயம், துணிகோவை யாவற்றையும் தமிழிலேயே அறிந்தவன். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளின் பயன் இது. (காவியா, திசையனா; தாயமா, அணியா என நமக்கும் தமிழ்நாட்டாருக்கும் இடையே நிகழும் வழக்கில் எனக்கு அக்கறையில்லை. மாணவன் எதையும் பழகிக்கொள்வான்.) ஆயின் அவன் பழகியது கணித்து விடை காணும் முறையே. பல்கலைக்கழகத்தில் அவனிடம் கேட்கப்படுவது விடையன்று, நிறுவல். நிறுவல் என்பது குறியீடுகளின் வரிசையன்று. அது ஒரு வசன வகை. 'ஆதலால்', 'ஆயின்', 'எதுவாயினும்', 'அதற்கேற்ப' என்னும் இணைப்புக்களே அதன் எலும்புகள். கணக்கிடுதலிலிருந்து நிறுவலுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் என இரு தாவல்கள் ஒரே வேளையில் நிகழ்கின்றன. விழுந்தவன் எந்தத் தாவலில் விழுந்தான் என்பதை நாம் ஆராய்வதில்லை.

மெய்ப்பகுப்பாய்வின் முதற்பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளியிற் சார்பொன்று தொடர்ச்சியானது என்பதன் வரைவிலக்கணத்தை மாணவர் ஆங்கிலத்தில் மனனஞ் செய்கின்றனர். எழுதும்போது எப்சிலனும் டெல்ற்றாவும் இடம் மாறிவிடுகின்றன. விடைத்தாள் திருத்துவோர் இதை நன்கறிவர். இப்பிழை ஆங்கில இலக்கணப் பிழையன்று. எது முன்னர் தரப்பட்டது, எது அதனைப் பார்த்துப் பின்னர் தெரியப்பட்டது என்ற உறவு புலப்படாமையே அது. இவ்வுறவைச் சொல்லுதற்குத் தமிழ் வசனம் மிக இசைவானது. "நேரெண் எப்சிலன் எதனை நீ தந்தாலும், அதற்கும் இப்புள்ளிக்கும் ஏற்ப ஒரு நேரெண் டெல்ற்றாவை நான் தருவேன், புள்ளியிலிருந்து டெல்ற்றாவினுள் அடங்கும் இடமெங்கும் சார்பின் பெறுமானம் எப்சிலனுக்கு மேல் விலகாது." இங்கு 'ஏற்ப' என்னும் சொல்லே பாடம் முழுவதும். சீரான தொடர்ச்சிக்கு வரும்போது 'இப்புள்ளிக்கும்' என்பதை நீக்கி, 'புள்ளி எதுவாயினும் அதே டெல்ற்றா' என்று மாற்றினாற் போதும். வர்க்கச் சார்பு மெய்யெண் கோடு முழுவதிலும் ஏன் இதிலே தவறுகின்றது என்பதும் உடனே விளங்கும்: தொலைவிற் செல்லச் செல்லச் சார்பு செங்குத்தாகின்றது, டெல்ற்றா குறுகிக்கொண்டே போகின்றது, எல்லா இடத்துக்கும் பொதுவான ஒன்று எஞ்சுவதில்லை.

வகையீட்டுச் சமன்பாட்டு வகுப்பிலும் இதே குறை. தீர்வின் இருப்பும் தனித்தன்மையும் பற்றிய தேற்றம் வெறும் நிபந்தனைப் பட்டியலாகவே கற்பிக்கப்படுகின்றது. வன்னியில் இத்தேற்றத்துக்கு உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. கரை செங்குத்தான ஒரு சிறுகுளத்தின் துருசு திறந்திருக்கின்றது என்க. வேறு வரவும் செலவும் இல்லை. நீர்மட்டம் இறங்கும் வேகம் அவ்வேளை நீர்மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமானது. நிறைந்த குளம் எப்போது வற்றும் என்று இச்சமன்பாடு திட்டமாகச் சொல்லும். வற்றிய குளத்தின் கட்டில் நின்று "இது எப்போது வற்றியது?" என்று கேட்டால் அது மௌனமாகிவிடும். நேற்று வற்றிய குளமும் ஒரு மாதத்துக்கு முன் வற்றிய குளமும் அதே சமன்பாட்டைத் திருப்தி செய்கின்றன. பூச்சியத்தருகே வர்க்கமூலச் சார்பின் சாய்வு எல்லையின்றி வளர்வதால், இலிப்சிற்ஸ் நிபந்தனை அங்கே நிறைவேறாமற் போகின்றது. கமக்காரன் அறிந்த உண்மை ஒன்று தேற்றத்தின் நிபந்தனையாக வந்து நிற்பதைக் கண்ட மாணவன் அந்நிபந்தனையை மறக்கமாட்டான்.

தமிழிற் கணித வசனம் புதிதாக ஆக்கவேண்டிய பொருளுமன்று. வட்டுக்கோட்டைச் செமினரியின் கறல் விசுவநாதபிள்ளை 1855 இலேயே 'வீசகணிதம்' என அட்சரகணித நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். பின்வந்த தலைமுறைகள் அவ்வழியே செல்லவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராயிருந்து, 1947 இல் வவுனியாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான செ. சுந்தரலிங்கத்தின் காலத்தில் உயர்கல்விக்குச் செல்வோர் பயின்ற பாடசாலையும் ஆங்கிலம், கல்லூரியும் ஆங்கிலம், இடையில் முறிவில்லை. பாடசாலை தமிழுக்கு மாறிய பின்னரே முறிவு தோன்றிற்று. அதற்குப் பரிகாரமாக நாம் செய்ததெல்லாம் சொற்பட்டியல் தயாரித்ததே.

விரிவுரைகளையும் தமிழுக்கு மாற்றுக என்று நான் கூறவில்லை. நம் வகுப்புக்களிற் சிங்கள மாணவரும் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கும் இதே முறிவு, வேறொரு மொழியில். மேற்படிப்புக்கும் ஆய்வுக்கும் ஆங்கிலம் இன்றியமையாதது. மாற்றவேண்டியது பயிற்சி வகுப்பை. சிறு குழுக்களாகக் கூடும் அவ்வேளையில் ஒவ்வொரு வரைவிலக்கணத்தையும் மாணவன் தன் மொழியில், குறியீடின்றி, முழு வசனமாக எழுதட்டும். அதன் எதிர்மறையையும் எழுதட்டும். பின்னர் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கட்டும். எதிர்மறையைச் சரியாக எழுதத் தெரியாதவனுக்கு எம்மொழியிலும் வரைவிலக்கணம் விளங்கவில்லை என்பது முதல் வாரத்திலேயே விரிவுரையாளருக்குத் தெரிந்துவிடும். இப்போதோ அது ஆண்டிறுதிப் பரீட்சையின் பின்னரே தெரியவருகின்றது.