பேய்ப் பாட்டும் பிள்ளைக் குரலும்

குழந்தைகளின் குரலை நாம் பெரும்பாலும் இரண்டு வேலைகளுக்கே அழைக்கிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவில் அது வானதூதரின் குரலாக வேண்டும். திகில் படங்களில் ஆளில்லாத வீட்டிலிருந்து எழும் தாலாட்டாக வேண்டும். முதலாவதில் குழந்தை மாசற்ற தூதன். இரண்டாவதில் குழந்தை பேய். உண்மையான குழந்தை இரண்டிலும் இல்லை. இருட்டுக்கு அஞ்சுகிற, அஞ்சியதைப் பற்றியே மீண்டும் மீண்டும் கதை கேட்கிற, இறந்துபோன தோழன் எங்கே இருக்கிறான் என்று வினவுகிற குழந்தைக்கு நம் இசையில் இடமுண்டா? இக்கேள்வியோடு கேட்கத்தக்க பாடல் தொகுப்பு ஒன்று தமிழில் உண்டு. 1990ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த ‘அஞ்சலி’ திரைப்படத்தின் பாடல்களே அவை.

மணிரத்னம் இயக்கிய இப்படம் இளையராஜா இசையமைத்த 500ஆவது படம். இதன் 7 பாடல்களையும் வாலி எழுதினார். ஒரு தொகுப்பின் பெரும்பகுதியைச் சிறுவர் குழுவிடமே ஒப்படைத்தது திரையிசையில் அரிய துணிவு. பாடியவர்கள் ஆலயப் பாடகர் குழுக்களைப் போல் ஒரே குரலாய் ஒலிக்கப் பழக்கப்பட்டவர்கள் அல்லர். இசையமைப்பாளரின் மக்கள் கார்த்திக் ராஜா, பவதாரிணி, யுவன் சங்கர் ராஜா; கங்கை அமரனின் மக்கள் வெங்கட் பிரபு, பிரேம்ஜி; மற்றும் அவர்களை ஒத்த உறவுப் பிள்ளைகள். எனவே குரல்கள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடவில்லை. வீட்டுத் திண்ணையில் கூடிய பிள்ளைகளின் ஆரவாரம் அவற்றில் அப்படியே இருக்கிறது. இத்தொகுப்பின் முதற்சிறப்பு இதுவே.

இதே தொகுப்பில் ஒரு பேய்ப் பாட்டும் இருக்கிறது. எஸ். பி. பாலசுப்ரமணியம் பாடிய ‘ராத்திரி நேரத்தில்’ என்ற பாடல் அது. குரலை வளைத்தும் முறுக்கியும் அவர் செய்யும் வித்தை வியப்புக்குரியது. ஆயினும் கேட்டு முடித்தபின் மனத்தில் அச்சம் தங்குவதில்லை. துள்ளும் தாளமே தங்குகிறது. போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு பூச்சாண்டி காட்டும் மாமாவைப் பார்த்துப் பிள்ளைகள் அலறிச் சிரிப்பதுபோல்தான் நாமும் அதைக் கேட்கிறோம். இப்பேய் நம் ஊர்ப் பேயும் அன்று. திரைப்படங்களிலிருந்து இறங்கிவந்த பேய். 1976இல் ‘அன்னக்கிளி’யின் வழியாக நாட்டுப்புற மெட்டுக்குத் திரையில் அரியணை தந்த கலைஞர், அச்சத்தைப் பாட வந்த இடத்தில் அந்த மண்ணை நாடாமல் போனது ஏனென்று கேட்கத் தோன்றுகிறது. கதை நகரத்து அடுக்ககத்தில் நிகழ்கிறது என்பது விடையின் ஒரு பகுதியே.

நாட்டுப்புறம் அச்சத்தை எவ்வாறு பாடியது என்பதற்குக் கொடும்பாவி ஒரு சான்று. மழை பொய்த்த காலத்தில் வைக்கோலால் ஓர் உருவம் செய்து, அதைப் பிணமாக்கித் தெருத்தெருவாக இழுத்துச் செல்வார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள்; சிறுவர்களும் கூடவே ஓடிக் குரல் கொடுப்பார்கள். பிள்ளைகள் வாயிலிருந்து சாவுப்பாட்டைக் கேட்பது அயலாருக்கு நடுக்கம் தரலாம். ஆனால் அங்கே அச்சம் வேடிக்கையன்று. ஏரி வற்றியிருக்கிறது, அடுப்பு எரியவில்லை, பிள்ளைகளுக்கும் அது தெரியும். தெரிந்ததைப் பெரியவர்களோடு சேர்ந்து பாடுகிறார்கள். அச்சத்தைப் பிள்ளைகளிடம் மறைப்பதும் இல்லை, அவர்களைத் தனியே அஞ்சவிடுவதும் இல்லை. திரைப்படத்தின் பேய்ப் பாட்டில் இழக்கவோ வேண்டவோ எதுவுமில்லை. அதன் குறை இசையிலன்று, இங்கேதான்.

எனினும் ‘அஞ்சலி’யில் உண்மையான பேய்க்கதை ஒன்று ஒளிந்திருக்கிறது. அது அந்தப் பாட்டில் இல்லை. கதையின் நடுவிலேயே இருக்கிறது. மனவளர்ச்சி குன்றிப் பிறந்த பெண் குழந்தை நெடுநாள் வாழாது என்றறிந்த தந்தை, குழந்தை இறந்துவிட்டதாக மனைவியிடம் சொல்லிவிடுகிறார். ஆண்டுகள் சில கழிந்தபின் அக்குழந்தை வீட்டுக்கு வருகிறது. அதாவது, இறந்தவள் என்று அழுது முடிக்கப்பட்டவள் வாசற்படியில் நிற்கிறாள்! அவளைக் கண்டு அண்டை வீட்டார் முகம் சுளிக்கின்றனர், பிள்ளைகள் விலகுகின்றனர், உடன்பிறந்தோரும் வெட்குகின்றனர். பேயைக் கண்டவர் செய்வதெல்லாம் இவைதாமே? தமக்குப் புரியாத ஓர் உயிரை மனிதர் எப்படிப் பேயாக்குகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

அந்தப் பேயை ஓட்டுவது எது? மந்திரமன்று, மருந்தன்று, அவளுடைய பெயரே. ‘அஞ்சலி அஞ்சலி’ என்று பிள்ளைகள் கூடிப் பாடும் பாடலில், விலக்கப்பட்டவள் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறாள். எந்தப் பிள்ளைகள் விலகினார்களோ அதே பிள்ளைகளின் குரலில் அழைக்கப்படுகிறாள். பேய்ப் பாட்டு செய்யாததை இப்பாட்டு செய்துவிடுகிறது. மகிழ்ச்சியான மெட்டாயினும் இதைக் கேட்கையில் உடல் சிலிர்க்கிறது. அழைக்கப்படுகிறவள் நிலைத்திருக்கப்போவதில்லை என்பதைக் கதையறிந்த நாம் அறிவோம். பாடுகிற பிள்ளைகள் அறியார். இறுதியில் அக்காள் அவளை எழுந்திருக்கச் சொல்லிக் கதறுகிறாள். குழந்தை எழவில்லை.

அந்தக் கதறலைக் கேட்கும் கிறிஸ்தவர் எவருக்கும் யாயிரின் மகள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் இயேசு ஓலமிடும் கூட்டத்தை வெளியே அனுப்புகிறார். சிறுமியின் கையைப் பிடித்து எழுப்புகிறார். பின்னர் அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொல்கிறார். லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவரைக் கண்ட சீடர் ஓர் ஆவியைக் கண்டதாக எண்ணித் திகிலடைகின்றனர். அவர்களுக்கு அவர் கைகால்களைக் காட்டுகிறார்; மீன் துண்டு ஒன்றை வாங்கி அவர்கள்முன் உண்கிறார். இரண்டு நிகழ்ச்சிகளும் உணவில் முடிவது சிந்தனைக்குரியது. பேய் உண்பதில்லை, உறவினரே பந்தியில் அமர்வர். அச்சத்திற்கு நற்செய்தி தரும் விடை, அஞ்சப்பட்டவரை அருகில் அமர்த்திக்கொள்வதே.

1990இல் இப்பாடல்களைக் கேட்டவர்க்கு இல்லாத ஓர் அனுபவம் இன்று கேட்பவர்க்கு நேர்கிறது. பேய்ப் பாட்டைப் பாடிச் சிரிக்கவைத்த பாலசுப்ரமணியம் 2020இல் மறைந்தார். அன்று சிறுமியாகப் பாடிய பவதாரிணி 2024 ஜனவரியில் 47ஆம் வயதில் மறைந்தார். ஒலிநாடா அறியாது, அது இன்னமும் அவரைச் சிறுமியாகவே பாடவைக்கிறது. இறந்தவரின் இளங்குரல் வீட்டுக் கூடத்தில் ஒலிப்பது பேய்க்கதைக்குரிய செய்தியன்றோ? ஆயினும் அதைக் கேட்டு எவரும் அஞ்சுவதில்லை, கண்கலங்கிப் புன்னகைக்கிறோம். காரணம், பெயர் தெரியும், அன்பு உண்டு. நம்பிக்கை அறிக்கையில் நாம் சொல்லும் புனிதர்களின் சமூக உறவு என்ற மறையுண்மைக்கு இந்தச் சிறு அனுபவம் ஒரு மங்கிய கண்ணாடி.

இவ்வளவும் ஒரு பழைய படத்தின் பாடல்களைப் பற்றி மட்டும் எழுதப்படவில்லை. 2025 ஜூலை 8 காலையில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மாணவர் 3 பேர் உயிரிழந்தனர். அவர்களோடு படித்த பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போய்வருகிறார்கள். அகால மரணம் நேர்ந்த இடத்தைப் பேய் நடமாடும் இடமாக்கிவிடுவது ஊர் வழக்கில் எளிது. ‘அந்தப் பக்கம் போகாதே’ என்ற ஒரு சொல் போதும். நேற்றுவரை பக்கத்தில் அமர்ந்திருந்த தோழன் இன்று பூச்சாண்டியாகிவிடுவான். பிள்ளைகளைக் காப்பதாக எண்ணி நாம் அவர்களுடைய நட்பையே கொன்றுவிடுவோம்.

நம் வட்டாரத்தின் பழைய மரபு இதைவிட மென்மையானது. இளமையில் இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக்கி, புடைவையும் பூவும் வைத்துப் படைக்கும் குடும்பங்கள் இங்குப் பல. இறந்தவளைத் துரத்தாமல் வீட்டுக்குள் அழைத்து உணவிடும் அந்த உள்ளுணர்வை, பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965இல் கற்பித்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மக்களாகிய நாம் இகழ வேண்டியதில்லை. நம் விசுவாசம் அதனின்று வேறுபடும். ஆனால் அதற்கு முதுகு காட்டாது.

ஆகவே நம் பங்குகளின் சிறுவர் பாடகர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். வானதூதரின் பாட்டு மட்டும் அவர்களுக்குப் போதாது. கல்லறைத் திருநாளில், இறந்த தோழரின் பெயரைச் சொல்லி அழைக்கும் எளிய பாடலொன்றும் அவர்களுக்கு வேண்டும். கொடும்பாவிக் கூட்டத்தின் நேர்மையும் ‘அஞ்சலி’ப் பிள்ளைகளின் இயல்பும் அதில் கூடியிருக்கட்டும். குரல்கள் சற்றே பிசகினாலும் திருத்த வேண்டாம். பெரியவர்களும் உடன் நின்று பாடட்டும். பாடி முடித்தபின் பிள்ளைகளை உட்காரவைத்து உணவு பரிமாறுங்கள்.