‘அனுமதித்தல்’ என்னும் வினையும் யோபுவின் துன்பமும்

அன்பே உருவான கடவுள் துன்பத்தை ஏன் அனுமதிக்கிறார் என்பது கிறித்தவ இறையியலின் தொன்மையான வினா. இதற்குக் கூறப்படும் விடைகள் பலவாறு ஆராயப்பட்டுள்ளன. ஆனால் வினாவில் பயிலும் ‘அனுமதி’ என்னும் வினைச்சொல் போதிய கவனம் பெறவில்லை. தமிழில் அச்சொல் ஏற்கும் பொருட்சுமையையும், யோபு நூலை மொழிபெயர்ப்போர்க்கு அதனால் விளையும் இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மேலைக் கிறித்தவ மரபில் இவ்வினை கோட்பாட்டுத் தகுதி பெற்ற ஒன்று. தீமை எதுவும் இல்லாதிருக்கச் செய்வதைவிடத் தீமையிலிருந்து நன்மையை விளைவிப்பதே மேலெனக் கடவுள் கொண்டார் என்பது அகஸ்டீனின் கருத்து. தீமை நிகழ வேண்டும் என்றோ நிகழலாகாது என்றோ கடவுள் விரும்புவதில்லை. அது நிகழ விடுவதையே விரும்புகிறார் என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் வரையறுத்தார். 16ஆம் நூற்றாண்டில் கால்வின் இவ்வேறுபாட்டை மறுத்தார். அம்மறுப்புக்கு யோபுவின் வரலாற்றையும் சான்றாக்கினார். ஆகவே ‘விடுதல்’, ‘செய்தல்’ என்னும் இரண்டனுள் எதனைத் தெரிவது என்பது மொழிபெயர்ப்பாளனுக்கு வெறும் நடைச்சிக்கல் அன்று.

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த தமிழ் விவிலியத்தில் இப்பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உள. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 10ஆம் அதிகாரத்தில், தாங்கவியலாச் சோதனைக்குக் கடவுள் ‘இடங்கொடார்’ என்ற பொருள் வருகிறது. மாற்கு 5ஆம் அதிகாரத்தில் தீய ஆவிகளுக்கு இயேசு ‘உத்தரவு’ கொடுக்கிறார். அக்காலத்தில் ‘விடை தருதல்’ என்ற பொருளும் கொண்டிருந்த ‘உத்தரவு’ இன்று பெரிதும் ‘கட்டளை’ எனவே கொள்ளப்படுகிறது. இசைவு ஆணையாக மாறிவிட்டது. மூலத்தில் இல்லாத ஒரு பொறுப்பு கடவுள்மேல் ஏறிவிட்டது.

இக்காலச் சமய உரைநடையில் பெருவழக்கான ‘அனுமதி’ வேறொரு காட்சியைக் கொணர்கிறது. விண்ணப்பிப்பவர் ஒருவர், ஒப்புதல் அளிக்கும் அதிகாரி ஒருவர், மறுப்பதற்கான உரிமை ஆகிய மூன்றையும் அச்சொல் முன்கொள்கிறது. பிள்ளையை இழந்த தாயிடம் ‘கடவுள் அனுமதித்தார்’ என்று ஆறுதல் கூறுவோர், அவ்விழப்புக்கு ஒருவர் இசைவளித்தார் என்பதையே அறியாது கூறிவிடுகின்றனர். ‘இடங்கொடு’ என்பதில் இவ்வலுவலகச் சாயல் இல்லை. பழைய வழக்கிலுள்ள ‘வரவிடு’ என்பதோ வரத் தடைசெய்யாமையையும் அனுப்புதலையும் ஒருங்கே குறிக்க வல்லது.

யோபு நூலின் எபிரேய மூலம் இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது. முதலிரு அதிகாரங்களில் குற்றஞ்சாட்டுவோனிடம் கடவுள் பேசுமிடத்து, ‘அனுமதி’ என்னும் பொருளுடைய வினை வருவதில்லை. யோபுவின் உடைமைகளும், பின்னர் யோபுவும், அவன் ‘கையில்’ என்று வினையற்ற பெயர்த்தொடராகவே கூறப்படுகிறது. பெயர்ப்பயனிலை இயல்பாக அமையும் தமிழில் இதனை அவ்வாறே தருதல் இயலும். அங்கு ‘அனுமதித்தேன்’ என எழுதுவது மொழிபெயர்ப்பன்று, விளக்கவுரை.

இதற்கு மாறாக, பிற இடங்களில் நூல் கடவுளையே எழுவாயாக்குகிறது. 2:3இல் யோபுவைக் காரணமின்றி அழிக்கத் தாம் தூண்டப்பட்டதாகக் கடவுளே கூறுகிறார். அங்குள்ள ‘ஹின்னாம்’ என்னும் சொல்லை 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘முகாந்தரமில்லாமல்’ எனத் தருகிறது. 42:11இல் யோபுவுக்கு நேர்ந்த தீங்கனைத்தையும் கடவுள் வருவித்ததாகக் கதைசொல்லியே கூறுகிறான். இங்கு அதே மொழிபெயர்ப்பு ‘வரப்பண்ணு’ என்னும் பிறவினையைத் தயங்காது ஆள்வது பாராட்டத்தக்கது. ‘வர அனுமதித்த’ என இதனை மென்மையாக்குவோர் அக்வினாஸின் தீர்வை யோபு நூலுக்குள் புகுத்துகின்றனர்.

மென்மையாக்கல் கடவுளைக் காக்கும் நன்னோக்கத்தினின்று எழுவதே எனலாம். ஆயினும் கடவுளைக் காக்க முற்பட்டவர்கள் யோபுவின் நண்பர்களே என்பதை மறத்தலாகாது. துன்பத்திற்குக் காரணம் கற்பித்த அவர்கள், தம்மைப் பற்றிச் சரியானதைப் பேசவில்லை எனவும், வழக்காடிய யோபுவே அவ்வாறு பேசினான் எனவும் 42:7இல் கடவுள் தீர்ப்பளிக்கிறார். வினையை மாற்றும் மொழிபெயர்ப்பாளன் தன்னை அறியாமலே அந்நண்பர்களின் அணியிற் சேர்ந்துவிடுகிறான். மேலும், அவன் யோபுவின் முறையீட்டின் அடிப்படையையே அகற்றிவிடுகிறான். செய்தவரிடம் கேட்கத்தக்க கேள்வி வேறு, தடுக்காதவரிடம் கேட்கத்தக்க கேள்வி வேறு.

எனவே, இறையியல் கட்டுரைகளில் அக்வினாஸின் கோட்பாட்டைக் குறிக்க ‘இடங்கொடுத்தல்’ என்பதைக் கலைச்சொல்லாக வரையறுத்துக்கொள்ளலாம். யோபு நூலிலோ, மூலம் வினையின்றிப் பேசுமிடத்து வினையின்றியும், பிறவினையாற் பேசுமிடத்துப் பிறவினையாலும் மொழிபெயர்த்தலே முறை. கடவுள் ஏன் அவ்வாறு செய்தார் என்பதற்கு அந்நூல் யோபுவுக்கு விடை கூறவில்லை. அவ்விடையின்மையையும் சிதையாது தருவதே மொழிபெயர்ப்பாளனின் கடன். துன்புறும் வாசகனுக்கு அவன் காட்டக்கூடிய மதிப்பும் அதுவே.