விடுபட்டவர் எந்தக் கணக்கில்?

'சர்வர் டவுன்!'

நம்மூரில் இதைவிடப் பிரபலமான இங்கிலீஷ் வார்த்தை இன்றைக்குக் கிடையாது. ரேஷன் கடை தொடங்கி ரிஜிஸ்டர் ஆபீஸ் வரை எல்லோருக்கும் அத்துப்படி. ஒரு வெப்சைட்டுக்கு நாம் மார்க் போடுவதும் இதை வைத்துத்தான். திறந்தால் பாஸ், திறக்காவிட்டால் ஃபெயில்.

இந்த மார்க் போதாது என்கிறேன். ஒரு வெப்சைட் விழாமல், உடையாமல் நன்றாக ஓடிக்கொண்டே லட்சக்கணக்கானவர்களை வாசலில் நிறுத்திவிட முடியும். உதாரணம் வேண்டுமா? கோவின்.

மறந்திருக்க மாட்டீர்கள். 2021 ஜனவரி 16-ல் கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்தபோது அதற்காக மத்திய அரசு கொண்டுவந்த தளம். பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். அந்த வருடம் ஏப்ரல் 28, மாலை 4 மணிக்கு 18 வயது தாண்டிய எல்லோருக்கும் பதிவைத் திறந்தார்கள். நாடே ஒரே நேரத்தில் பாய்ந்தது. தளம் திணறியது. ஓ.டி.பி. வரவில்லை என்று ஊரெல்லாம் புலம்பல். ஆனாலும், சீக்கிரமே எழுந்து நின்று, அன்று ஒரே நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்தது. 2022 ஜூலை 17-ல் நாடு 200 கோடி டோஸைத் தாண்டியது. ஊசி போட்ட விவரமெல்லாம் அதில் ஏறியது. சான்றிதழ் செல்போனிலேயே கிடைத்தது.

இது சாதாரண விஷயமில்லை. 2013 அக்டோபரில் அமெரிக்க அரசு மருத்துவ இன்ஷூரன்ஸுக்காக 'ஹெல்த்கேர்.கவ்' என்ற தளத்தைத் திறந்ததே, முதல் நாள் அதில் கடைசிப் படிவரை போய்ச் சேர முடிந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறு. ஆறு லட்சம் இல்லை சார், ஆறு பேர்! அத்தனை பணமும் மூளையும் இருக்கிற தேசத்தின் கதை அது.

அப்புறம் கோவினில் என்னதான் குறை?

18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு அரசு ஒரு விதி போட்டது. ஆன்லைனில் பதிவு செய்து, தேதியும் நேரமும் வாங்கிக்கொண்டு வந்தால்தான் ஊசி. நேரில் வந்து நின்றால் கிடையாது. கூட்டம் சேரக் கூடாது என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அதுவரை ஒரு வசதியாக இருந்த வெப்சைட், அந்த விதிக்குப் பிறகு ஒற்றை வாசல் ஆகிவிட்டது. வேறு வழி கிடையாது.

அந்த வாசலைத் தாண்டுவது எப்படி? முதலில் ஸ்மார்ட்போனோ கம்ப்யூட்டரோ வேண்டும். ஓ.டி.பி. வர சிக்னல் வேண்டும். ஸ்லாட் எப்போது திறப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்; திறந்தால் கண் இமைப்பதற்குள் காலி. அப்படியே கிடைத்தாலும் முறுக்குப் பிழிந்த மாதிரி நெளிகிற எழுத்துகளைக் காட்டி, 'இதைப் பார்த்து டைப் செய்' என்கிற கேப்ட்சா. கொஞ்சம் தாமதித்தால் தானாக லாக்-அவுட். மறுபடியும் முதலிலிருந்து. இவ்வளவும் அப்போது இங்கிலீஷில்!

இதில் யார் சுலபமாக ஜெயித்தார்கள்? புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள். ஸ்லாட் விவரத்தை வெளி மென்பொருள்கள் படிக்க முடியும் என்பதால், காலி இடம் தெரிந்ததும் டெலிகிராமில் மணியடிக்க ஏற்பாடு செய்துகொண்டார்கள். நகரத்து இளைஞர்கள் பக்கத்து மாவட்டக் கிராமங்களின் ஸ்லாட்டைப் பிடித்து, காரில் போய் ஊசி போட்டுத் திரும்பிய செய்திகள் அந்த மே மாதப் பத்திரிகைகளில் நிறையவே வந்தன. அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? உயிர் பயம் எல்லோருக்கும் பொதுதானே. ஆனால், தன் ஊர் சுகாதார நிலையத்துக்கு வந்த ஊசி வெளியூர்க்காரர் கையில் ஏறுவதை அந்த ஊர்க்காரர் வேடிக்கை பார்த்தார் பாருங்கள், அங்கேதான் உதைக்கிறது.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரித்தது. இணையம் இல்லாதவர்கள் குடும்பத்தார், நண்பர்கள், பொதுச் சேவை மையங்களின் உதவியைப் பெறலாம் என்றது அரசு. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2021 மே 31-ம் தேதி உத்தரவில் அரசின் கணக்கையே எடுத்துக் காட்டியது. சுமார் 13,000 கிராமப் பஞ்சாயத்துகளில் அந்த மையமே இல்லை! பார்வையற்றவர்களுக்கு ஒலி வடிவ கேப்ட்சா இல்லை, லாக்-அவுட் ஆகாமல் பதிவை முடிக்கப் போதிய நேரம் தரவேண்டும் என்று அந்த உத்தரவு பட்டியலே போட்டது. வெப்சைட் எப்படி இருக்க வேண்டும் என்று சாஃப்ட்வேர் கம்பெனிக்கு நீதிபதிகள் பாடம் நடத்த வேண்டிய நிலைமை.

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது. ஒரு பில்லைத் தப்பாக ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு பக்கமும் எழுதவே இல்லையென்றால்? அழகாக டேலி ஆகும்! விடுபட்ட பில்லை எந்தக் கூட்டலும் கண்டுபிடிக்காது.

வெப்சைட்டின் புள்ளிவிவரமும் இப்படித்தான். எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று நிமிடத்துக்கு நிமிடம் கோவின் காட்டியது. எத்தனை பேர் கேப்ட்சாவோடு மல்லுக்கட்டிவிட்டு போனைக் கீழே வைத்தார்கள்? எத்தனை பேரிடம் போனே இல்லை? அதற்கு அங்கே கட்டமே கிடையாது. அதனால்தான், செய்தவர்களுக்கு எல்லாம் நன்றாக நடப்பதாகத் தெரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விடுபட்டவர் அவர்கள் கண்ணில் படவே வழியில்லை.

சரி, எப்படித்தான் தீர்ந்தது? புது சர்வர் வாங்கியா? இல்லை. 2021 மே 24-ல், அரசு மையங்களில் 18 - 44 வயதுக்காரர்களும் நேரில் வந்து பதியலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். ஜூன் தொடக்கத்தில் இந்திய மொழிகள் வந்தன. முதல் பட்டியலில் தமிழ் இல்லை. இங்கே சத்தம் கிளம்பிய பிறகு வந்து சேர்ந்தது. செப்டம்பர் 12-ல் தமிழ்நாடு மெகா முகாம் நடத்தியபோது 20 லட்சம் பேர் என்பதுதான் இலக்கு. ஒரே நாளில் போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் மேல்.

அங்கேயும் பதிவு செய்தது அதே கோவினில்தான். வந்தவர் கையை நீட்டினார். விவரத்தைத் தட்டும் வேலையை முகாம் ஊழியர் பார்த்துக்கொண்டார். எளிமை என்றால் இதுதான். நாலு பட்டனை மூன்றாக்கி, கலர் மாற்றுவது இல்லை. மனுஷனின் சிரமத்தை யார் தலையில் வைக்கிறோம் என்பது.

இன்றைக்கு உதவித்தொகை, சான்றிதழ், ரயில் டிக்கெட் என்று எல்லாமே ஆன்லைன் படிவமாகிவிட்டன. இன்னும் வரும், வரட்டும். திறப்பு விழாவில், 'எத்தனை லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் தாங்கும்' என்று நிச்சயம் சொல்வார்கள். கைதட்டுங்கள், தப்பில்லை. தட்டி முடித்ததும் ஒரு கேள்வியையும் கேட்டு வையுங்கள்:

'இதுல பண்ணத் தெரியாதவங்க எங்க போய் நிக்கணும் சார்?'

பதிலாக ஒரு ஜன்னலும், அதன் பின்னால் ஒரு மனிதரும் இருந்தால் அந்த வெப்சைட் பாஸ்.