கிளவுட் ஷெல்லில் டெராஃபார்ம்

டெராஃபார்ம் என்பது வழங்கிகளையும் வலையமைப்புகளையும் நிரலாக எழுதி உருவாக்க உதவும் மென்பொருள். அசூர் கிளவுட் ஷெல்லில் இது முன்பே நிறுவப்பட்டிருக்கிறது. புதுச்சேரியில் பழைய மடிக்கணினி வைத்திருக்கும் மாணவரும், எதையும் நிறுவ அனுமதியில்லாத ஆய்வகக் கணினியில் அமர்பவரும், கணக்கு அனுமதித்தால், உலாவியிலிருந்தே சென்னையிலோ புனேயிலோ உள்ள அசூர் தரவு மையத்தில் வழங்கி ஒன்றை எழுப்பிவிடலாம். கற்பதற்கு இது மிக எளிய வழி; சிக்கல் அதன்பின் தொடங்குகிறது.

டெராஃபார்ம் தான் உருவாக்கியவற்றின் கணக்கை 'நிலைக்கோப்பு' ஒன்றில் வைக்கிறது. அது தொலைந்தால் வழங்கி ஓடிக்கொண்டே இருக்கும், கட்டணமும் ஏறும். 'டெராஃபார்ம் டெஸ்ட்ராய்' கட்டளைக்கோ அப்படியொரு வழங்கி இருப்பதே தெரியாது. அசூர் கிளவுட் ஷெல் 20 நிமிடம் தொடாமலிருந்தால் மூடிக்கொள்ளும். சேமிப்பகம் இணைக்காத அமர்வானால் கோப்புகளும் போய்விடும். கூகுள் 5 ஜிபி இடம் தருகிறது. ஆனால் 120 நாள் பயன்படுத்தாவிட்டால் அழித்துவிடும். தேர்வும் விடுமுறையும் சேர்ந்தால் 120 நாள் பெரிதல்ல.

நிலைக்கோப்பைத் தொலைச் சேமிப்பகத்தில் வைக்கும் படியைப் பயிற்சிக் குறிப்புகள் பெரும்பாலும் கடைசியில் சொல்கின்றன. முதல் வழங்கியை உருவாக்குவதற்கு முன்பே வர வேண்டியது அது. கிட்ஹப்பில் போட்டுவைப்பதும் தீர்வல்ல: அக்கோப்பில் கடவுச்சொற்கள் மறையாக்கமின்றி அப்படியே இருக்கக்கூடும்.